எத்தனாவது நாள் படம்?

பச்சிளங்குழந்தையின் மூளைப் படம் திரைக்கு வந்ததும் என் கண் முதலில் போவது ஓரத்தில் இருக்கும் இரண்டு தேதிகளுக்குத்தான். பிறந்த தேதி, படம் எடுத்த தேதி. இடையில் எத்தனை நாள் என்று கணக்குப் போட்ட பிறகே மூளையைப் பார்ப்பேன். புதிதாகச் சேரும் பயிற்சி மருத்துவர்கள் இதை என் வயதோடு வந்த பழக்கம் என்று நினைக்கிறார்கள். தேதியை மறைத்துவிட்டு அதே படத்தைக் காட்டினால் நான் வாய் திறக்க மாட்டேன் என்பது கொஞ்ச நாளில் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பிரசவ நேரத்தில் மூச்சு முட்டிய குழந்தையை எடுத்துக்கொள்வோம். கேஸ் ஷீட்டில் "பிறந்ததும் அழவில்லை" என்று இருக்கும். ஆக்சிஜன் போகாத அந்த நிமிடங்களிலேயே செல்கள் எல்லாம் செத்துவிடுவதில்லை. குழந்தையை மீட்டு, மூச்சு வந்து, நிறம் திரும்பிப் பல மணி நேரம் ஆன பிறகு இரண்டாவது சரிவு ஒன்று தொடங்கும். அது நாள்கணக்கில் ஓடும். செல்கள் வீங்க, நீர் மூலக்கூறுகளுக்கு நகர இடம் குறையும். எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற வகைப் படம் பிடிப்பது இதைத்தான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் சேதத்தைக் குறைத்துக் காட்டும். மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் நன்றாகத் தெரியும். ஒரு வாரம் கடக்கும்போது செத்த செல்களின் சவ்வு உடைந்து நீர் மறுபடி தாராளமாக நகரத் தொடங்குவதால், அளவுகள் ஏறிக்கொண்டே போய் வழியில் ஒரு நாள் இயல்பான எண்ணைத் தொட்டுவிட்டுப் போகும். அன்றைக்கு எடுத்த டிஃப்யூஷன் படம் அடிபடாத குழந்தையின் படம் போலவே இருக்கும். அதை மட்டும் பார்த்து "மூளை நார்மல்" என்று எழுதிய அறிக்கையோடு வந்த பெற்றோர்கள் உண்டு. அந்த நாள்களில் டி1, டி2 என்ற மற்ற வகை எம்.ஆர்.ஐ. படங்களைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். சேதம் அங்கே அப்போதுதான் தலைகாட்டியிருக்கும்.

நான் ரேடியாலஜி படித்தது பெரியவர்களின் மூளையில். பெரியவர் மூளையின் டி2 படத்தில் வெள்ளைப் பொருள் கருத்திருக்கும், சாம்பல் பொருள் வெளுத்திருக்கும். பிறந்த குழந்தையிடம் இது தலைகீழ். நரம்பு இழைகளைச் சுற்றும் மயலின் என்ற கொழுப்பு உறை இன்னும் உருவாகவில்லை, மூளை முழுக்க நீர். அந்த ஈரத்துக்கு ஏற்ப இயந்திரத்தின் நேர அளவுகளையே மாற்றி வைக்க வேண்டும். பெரியவர்களுக்கான அளவுகளில் எடுத்தால் படம் மங்கலாக வரும், பார்ப்பவர் மூளை முழுக்க வீக்கம் என்று எழுதிவிடுவார். மயலின் வரும் வரிசைக்கும் ஒரு நாள்கணக்கு உண்டு. முதலில் மூளைத்தண்டின் பின்பக்கம், பிறகு மேலே, பிறகு பின்னிருந்து முன்னாக. இரண்டு வயது வாக்கில்தான் படம் பெரியவர் மூளையின் சாயலுக்கு வரும்.

அந்த வரிசையில் எங்கள் தொழில் நம்பியிருக்கும் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. இன்டர்னல் காப்ஸ்யூல் என்ற பகுதியின் பின்கை. மூளை மேற்பரப்பிலிருந்து கை கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் இழைகள் அதன் வழியாகத்தான் இறங்குகின்றன. மாதம் நிறைந்து பிறந்த குழந்தையின் டி1 படத்தில் அது சாய்ந்த வெள்ளைக் கீற்றாகத் தெரியும். மூச்சு முட்டிய குழந்தையிடம் அந்தக் கீற்று மறைந்திருந்தால் பின்னாளில் உடல் இயக்கத்தில் பெரும் குறை வரும் என்று லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையின் மேரி ரதர்ஃபோர்டும் சகாக்களும் 1998இல் எழுதினார்கள். இன்றுவரை நான் முதலில் தேடுவது அதைத்தான். ஆனால் 35 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது தெரியாவிட்டால் அர்த்தமே இல்லை. 37, 38 வாரத்துக்கு முன் அது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆகவே இரண்டு தேதிகள் போதாமல் மூன்றாவதாக ஒன்றையும் கேட்பேன்: அம்மாவின் கடைசி மாதவிலக்குத் தேதி.

படம் எடுப்பது தனிக் கலை. அதில் மருத்துவரைவிட டெக்னீஷியன்தான் ஆசான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மயக்க மருந்து தேவையில்லை. ஸ்கேனுக்கு அரை மணி முன்பு பால் கொடுத்து, ஏப்பம் எடுத்து, துணியில் கை கால் சேர்த்து இறுக்கமாகச் சுற்றி, மணிகள் நிரம்பிய பையில் படுக்க வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் பை குழந்தையின் உருவத்துக்கு இறுகிக்கொள்ளும். தலையைச் சுற்றி வைத்து சிக்னல் வாங்கும் காயில், பச்சிளங்குழந்தைக்கென்று தனியாக எங்களிடம் கிடையாது. பெரியவர்களின் முழங்காலுக்கான காயில்தான் அந்தத் தலைக்கு அளவாக இருந்தது. காதுக்குள் மெழுகு போன்ற அடைப்பு, மேலே ஒட்டும் மூடி, அதற்கும் மேலே பஞ்சுத் தலையணை. இயந்திரத்தின் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும். குழந்தையை எழுப்புவது சத்தத்தின் அளவைவிட அது திடீரென்று தொடங்குவதுதான். எங்கள் மூத்த டெக்னீஷியன், சத்தம் குறைந்த படத்தில் தொடங்கி இடைவெளியே விடாமல் அடுத்ததற்குப் போவார். இடைவெளி விட்டால் அந்த மௌனத்தில் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பார். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்காத செய்தி, ஆனால் சரி.

அவர் அதிகம் பேசுவது குழந்தையிடம் இல்லை, பாட்டிகளிடம். ஐ.சி.யூ.விலிருந்து நேராக வரும் குழந்தையின் உடம்பில் எதுவும் இருக்காது. மூன்று மாதம் கழித்து மறுபடி வரும்போது இருக்கும். அரைஞாண் கயிறு, அதில் கோத்த தாயத்து, வசம்பு வளையல், பஞ்சலோகக் காப்பு, கொலுசு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. கயிறு நூலாக இருந்தால் கவலையில்லை. தாயத்துக்குள் என்ன உலோகம் இருக்கிறது என்பது கட்டியவருக்கே தெரியாது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது சட்டையில் குத்திய ஊக்கு. காந்தம் அதை இழுத்துக்கொண்டு பறக்கும். "சாமிக்கு முடிஞ்ச கயிறு, கழட்டக் கூடாது" என்று பாட்டி நின்றால் அவர் வாதாட மாட்டார். "நீங்களே கழட்டி உங்க மடியில வச்சுக்குங்கம்மா. வெளிய வந்ததும் நீங்களே கட்டிவிடுங்க. வேற யார் கையும் பட வேணாம்" என்பார். மறுத்த பாட்டியை நான் பார்த்ததில்லை.

குறைமாதக் குழந்தைகளை எம்.ஆர்.ஐ. அறைக்குத் தூக்கி வருவது சிரமம். அறை குளிர்ந்திருக்கும், அந்தக் குழந்தைகள் சூட்டைத் தாமாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவை. அவர்களுக்கு இன்குபேட்டர் பக்கத்திலேயே உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட். மண்டையோடு மூடாத அந்த இடம் ஒலி அலைக்குத் திறந்த ஜன்னல். மூளை அறைகளுக்குள் ரத்தக் கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நான்கு நாளுக்குள் நடந்து முடிந்துவிடும். அதைத் தரம் பிரிக்க இன்றும் நாங்கள் சொல்லும் நான்கு படிகளை 1978இல் லூ-ஆன் பபீலே குழுவினர் 46 குழந்தைகளின் சி.டி. ஸ்கேனை வைத்து வகுத்தார்கள். வெள்ளைப் பொருள் சேதம் வேறு கணக்கு. அது நீர்க்கட்டியாகத் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டால் கசிவைக் காணலாம், கட்டியைத் தவறவிடுவோம்.

அடிபட்ட நாள் எது என்ற கேள்வி இன்னும் முக்கியம். மூச்சு முட்டிய குழந்தையின் உடலை ஆறு மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கி 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைத்தால் சாவும் ஊனமும் குறைகின்றன என்று பணக்கார நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. நம் பக்கமும் அது பரவியது. ஜெல் பைகளை வைத்துச் செய்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் பங்களிப்போடு மிராக்கிரேடில் என்ற மலிவான குளிர்த் தொட்டிலும் வந்தது. பிறகு இந்தியா, இலங்கை, வங்காளதேசம் மூன்றிலும் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளோடு ஹீலிக்ஸ் ஆய்வு நடந்தது. முடிவு 2021இல் வெளிவந்தது. சாவு அல்லது நடுத்தர முதல் கடும் ஊனம் இரு தரப்பிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு. சாவை மட்டும் எடுத்தால் குளிர்வித்தவர்களில் 42 சதவீதம், குளிர்விக்காதவர்களில் 31. எங்கள் துறையில் பலருக்கு அது நம்ப முடியாத செய்தி. எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. பிரசவத்தின்போது அடிபட்டதாக எழுதி வரும் குழந்தைகளின் படங்களில், அந்த நாளுக்குப் பொருந்தாத பழைய காயத்தை அடிக்கடி பார்த்திருக்கிறேன். கருவிலேயே நாள்கணக்கில் வாடிய மூளைக்கு ஆறு மணி நேரக் கணக்கு உதவாது. இது என் ஊகம்தான். ஆனால் அதே திசையில் யோசிப்பவர்கள் ஆய்வாளர்களிலும் உண்டு.

இனி மீள்வதைப் பற்றி. அடிபட்டதைப் படிப்பது எளிது, மீள்வதைப் படிப்பதுதான் எங்களைத் திணறடிக்கும் வேலை.

ஒரு பெண் குழந்தையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பிரசவத்தில் எந்தச் சிக்கலும் இல்லை, பிறந்ததும் நன்றாக அழுதாள். இரண்டாம் நாள் வலது கை மட்டும் விட்டு விட்டுத் துடித்தது. மூன்றாம் நாள் படத்தில் இடது பக்கத்தின் நடுத் தமனி பாயும் பரப்பு முழுக்க வெளுத்திருந்தது. பிறந்த குழந்தைக்குப் பக்கவாதம். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் சில ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது, இடது பக்கத்தில்தான் அதிகம். என்னைக் கவலைப்படுத்தியது அந்தப் பரப்பு அல்ல. அங்கிருந்து கீழே மூளைத்தண்டு வரை ஒரு வெள்ளைத் தடம் இறங்கியிருந்தது. கட்டளை இழை வேரிலிருந்தே கருகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது சாட்சி. அந்தத் தடம் தெரிந்த குழந்தைக்குப் பெரும்பாலும் ஒரு பக்கக் கை பின்தங்கும்.

"ஏம்மா டாக்டரு, கை கால் வந்துருமா?" பாட்டிதான் கேட்டார். நடப்பாள் என்று சொன்னேன். அதில் எனக்கு நம்பிக்கை இருந்தது, ஒரு பக்கம் மட்டும் அடிபட்டவர்களில் ஏறக்குறைய எல்லாரும் நடந்துவிடுவார்கள். கையைப் பற்றி, அடிக்கடி வந்து காட்ட வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் மாதம் எங்கள் குழந்தை நரம்பியல் மருத்துவர் அவளை மல்லாக்கப் படுக்கவைத்து வீடியோ எடுத்தார். அந்த வயதில் எல்லாக் குழந்தைகளிடமும் கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் சேர்ந்து ஓயாத சின்னச் சின்ன அசைவுகள் ஓடும். ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் பிரெக்டல் அதைக் கணிப்புக் கருவியாக ஆக்கிக் கொடுத்தார். ஒரு கேமராவும் பாயும் போதும், பல நேரம் கோடி ரூபாய் இயந்திரத்துக்குச் சமமாகச் சொல்லும். அவளிடம் அந்த அசைவு இருந்தது, வலது மணிக்கட்டில் மட்டும் குறைவு. ஆறாம் மாதம் பொம்மையை நீட்டினால் வலது பக்கம் இருந்தாலும் இடக்கைதான் குறுக்கே வந்தது. "எங்க மாமனார் மாதிரி இடக்கைக்காரி" என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னார். ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் கைப்பழக்கம் வரக் கூடாது. வந்தால் அது பழக்கமாக இருக்காது, மறு கையின் குறைவாக இருக்கும். இதைப் படிக்கும் பாட்டிகள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நல்ல கைக்கு உறை போட்டு, தினம் கொஞ்ச நேரம் வலது கையால் விளையாட விட்டார்கள். ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்காவில் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் கைக்குழந்தைகளுக்கென்று வகுத்த முறை. உறைக்குப் பதில் நம் வீடுகளில் காலுறை போதும். தொலைவிலிருந்து வரும் குடும்பம் என்பதால் மாவட்டத் தலைநகர அரசு மருத்துவமனையில் இருக்கும் தொடக்க நிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுத்தோம். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் எங்களைவிடப் பொறுமைசாலி.

இரண்டு வயதில் மறுபடி படம். அந்த வயதில் பால் கொடுத்துச் சுற்றும் வித்தை நடக்காது, ட்ரைக்ளோஃபாஸ் சிரப் கொடுத்துத்தான் தூங்க வைத்தோம். பிறந்த வாரத்தில் வெளுத்திருந்த பரப்பு இப்போது நீர் நிறைந்த குழி. பக்கத்து மூளை அறை அந்தப் பக்கம் வீங்கிச் சரிந்திருந்தது, இடது மூளைத்தண்டு மெலிந்திருந்தது. முதல் படத்தைவிட இது மோசம். அதே நாள் காலையில் அவள் எங்கள் வராந்தாவில் ஓடி, தண்ணீர்க் கேனைத் தள்ளிவிட்டிருந்தாள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து "மாற்றம்" என்ற தலைப்பில் ஒரு வரி எழுதச் சொல்கிறது எங்கள் அறிக்கைப் படிவம். படத்தை வைத்து எழுதினால் பின்னடைவு.

பெரியவருக்குப் பக்கவாதம் வந்தால் மீள்வது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். நேற்றுவரை சட்டைப் பொத்தான் போட்ட கை மறுபடி போட வேண்டும். இந்தக் குழந்தைக்குத் திரும்பிப் போக ஒரு நேற்று இல்லை. அந்த வலது கை எதையும் பிடித்ததே இல்லை. தவிர, மூளையும் சும்மா இருப்பதில்லை, முதல் ஒரு வருடத்தில் அதன் கன அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இரண்டு படங்களுக்கு இடையில் தெரியும் வித்தியாசத்தில் வளர்ச்சி எவ்வளவு, மீட்சி எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால் அதே நாள் வயதுள்ள, அடிபடாத குழந்தைகளின் படங்கள் வேண்டும். லண்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் வளரும் மனித மூளையின் இணைப்பு வரைபடத் திட்டம் நூற்றுக்கணக்கான பச்சிளங்குழந்தைகளைத் தூக்கத்திலேயே படம் எடுத்து உலகத்துக்குத் திறந்து வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் அதற்குச் சம்மதம் கேட்டால் "நல்லா இருக்கிற பிள்ளைய எதுக்கு மெஷின்ல போடணும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பிறப்பு எடையும் அம்மாக்களின் ரத்தசோகையும் வேறாக இருக்கும் நம் குழந்தைகளை லண்டன் குழந்தைகளின் சராசரியில் நிறுத்திப் பார்ப்பதில் எனக்கு உறுத்தல் உண்டு. வங்கியில் போடுவதுபோல் நம் படங்களையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று கூட்டங்களில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

சேதத்தைச் சுற்றி மூளை என்ன செய்கிறது என்பதில் ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. 1930களில் யேல் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கென்னார்ட், குட்டிக் குரங்குகளின் இயக்கப் பகுதியைச் சேதப்படுத்தினால் வளர்ந்த குரங்குகளைவிட நன்றாகத் தேறுகின்றன என்று கண்டார். அதிலிருந்து "சின்ன வயசு, சரியாகிவிடும்" என்ற ஆறுதல் மருத்துவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. அது பாதி உண்மை. இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஜேனட் எயர் காட்டியது: பிறந்தபோது மூளையின் ஒவ்வொரு பாதியும் இரண்டு கைகளுக்குமே இழை அனுப்புகிறது, பயன்படுபவை நிலைக்கின்றன, அதே பக்கத்து இழைகள் முதல் இரண்டு வருடங்களில் மங்குகின்றன. ஒரு பாதி அடிபட்டால் நல்ல பாதியின் அதே பக்கத்து இழைகள் தங்கிவிடும். கை அசையும், ஆனால் நுணுக்கமாக அசையாது, ஒரு கை பிடித்தால் மறு கையும் கூடவே பிடிக்கும். தங்கிய இழை துணையா, இடையூறா என்பது குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது. மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் இரு பக்கமும் போன குழந்தைக்கு மாற்றுப் பக்கம் என்றே ஒன்று இல்லை. அந்தப் பெற்றோரிடம் கென்னார்ட் கதையைச் சொல்வது அநியாயம்.

பேச்சு வேறு. 2002இல் பிரான்சில் கிஸ்லேன் டெஹேன்-லாம்பெர்ட்ஸ் மூன்று மாதக் குழந்தைகளை எம்.ஆர்.ஐ.க்குள் படுக்கவைத்துப் பேச்சைக் கேட்கவைத்தார். அந்த வயதிலேயே மூளையின் இடப்பக்கம் கூடுதலாக விழித்துக்கொண்டது. அந்த இடத்தையே இழந்த குழந்தை எதை வைத்துப் பேசும்? ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் எலிசா நியூபோர்ட் குழு 2022இல் சொன்னது: பிறந்தபோது இடப்பக்கம் பக்கவாதம் வந்து வளர்ந்தவர்களிடம் மொழி வலப்பக்கத்தில், இடப்பக்கத்தின் கண்ணாடிப் பிம்பம் போன்ற அதே இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. எங்கெங்கோ சிதறிப் போகவில்லை.

எங்கள் பெண்ணையும் ஒன்பது வயதில், அவள் சம்மதத்தோடு, செயல் எம்.ஆர்.ஐ.யில் படுக்கவைத்தோம். வாய் அசைக்காமல் மனசுக்குள் 'க'வில் தொடங்கும் சொற்களை நினைக்கச் சொன்னோம். திரையில் இடப்பக்கக் குழி இருட்டாகவே இருந்தது. வலது நெற்றிப் பகுதியில் ஒரு திட்டு ஏறியது. என்ன சொற்கள் நினைத்தாய் என்று வெளியே வந்ததும் டெக்னீஷியன் கேட்டார். "கத்திரிக்கா, கணக்கு, கரடி, கரண்ட் போச்சு" என்றாள். வீட்டில் அவள் வாயை மூட முடியவில்லை என்று பாட்டிக்குப் புகார். வலது கை இன்னும் தாளைப் பிடித்துக்கொள்ளத்தான், எழுதுவது இடக்கை. வரைபடம், வடிவியல் இரண்டிலும் தடுமாறுகிறாள் என்று பள்ளியில் சொன்னார்களாம். மொழி குடியேறிய பாதியில் இடத்தை அளக்கும் வேலைக்கு நெருக்கடி வருகிறது என்றொரு கருத்து எங்கள் துறையில் உண்டு. வடிவியலில் தடுமாறுபவர்களுக்கெல்லாம் பக்கவாதம் வந்திருக்க வேண்டியதில்லை என்று நான் அம்மாவிடம் சொல்லி வைத்தேன்.

பருவ வயதில் இன்னொரு படம் எடுத்து, கை இழைகள் எங்கே நின்றன என்று பார்க்க ஆசை. நாளும் குறித்தாகிவிட்டது. போன வாரம் அம்மா போன் செய்தார்: "டாக்டர், அவளுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டிருக்காங்க, பரவால்லையா?" பரவாயில்லை இல்லை. நெற்றிப் பகுதி முழுக்கக் கறுப்பாக அழிந்துவிடும். எப்போது கழற்றுவார்கள் என்று கேட்டேன். ஒன்றரை வருடமாம்.